எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

ரத்தவியல் ஆய்வகத்தின் மூலையில் நிற்கிறேன். எட்டு வயதுச் சிறுமியின் ரத்தம் நீல மூடிக் குழாயில் வந்திருக்கிறது, கூடவே ஒரு தடித்த ஃபைலும். மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம், பல் விழுந்தபோது விடிய விடிய நிற்காத ரத்தம். எல்லாப் பக்கத்திலும் தட்டணு எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்குக் குறையவில்லை. 'நார்மல்' என்று வட்டமிட்டிருக்கிறார்கள். நனைந்த துணியை மாற்றிக்கொண்டே இருந்த தாய்க்கு அந்த ஒரு சொல்தான் பதிலாகக் கிடைத்திருக்கிறது.

முதலில் திரட்டல் சோதனை. கலங்கிய பிளாஸ்மாவில் ஏடிபி சொட்டினால் தட்டணுக்கள் ஒட்டித் திரண்டு திரவம் தெளியும். தெளியவில்லை. கொலாஜன், அட்ரினலின், எதற்கும் அசைவில்லை. ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் திரண்டன. டெக்னீஷியன் பெண்ணின் புருவம் உயர்ந்தது.

"ஃப்ளோ போட்டுடலாம்."

ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளைச் சில துளி ரத்தத்தோடு கலந்து, இருட்டில் வைத்து, லேசர் முன்னே ஓடவிடுகிறாள். திரையில் மேடுகள். ஆரோக்கியமானவரின் சிடி41 மேடு வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. நல்ல தட்டணு ஒன்றின் மேல் சிடி41-ம் சிடி61-ம் சேர்ந்த இந்தப் புரதக் கூட்டு ஏறத்தாழ 80,000 இருக்கும். சிறுமியின் மேடு இடது ஓரத்தில், சாயமே போடாத ரத்தத்தின் மேட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. சிடி61-ம் அப்படியே. சிடி42பி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆகவே அது குறைவதால் வரும் பெர்னார்ட்-சூலியே நோய் இல்லை. தட்டணுக்கள் வேண்டிய அளவு இருக்கின்றன, ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம்தான் இல்லை. இது, சுவிஸ் மருத்துவர் கிளான்ஸ்மான் 1918-இல் விவரித்த நோய். குறை இந்தப் புரதத்தில் என்று தெரியவர 1970-கள் ஆயின.

தன் அறையில் டாக்டர் குடும்ப வரைபடத்துக்காகச் சதுரமும் வட்டமும் வரைந்து நடுவே இரட்டைக் கோடு இழுக்கிறார். "சொந்தமா?"

"என் தம்பிக்குத்தாம்மா இவளக் குடுத்தேன்" என்கிறாள் பாட்டி. தாய் தலை தூக்கவில்லை.

"யார் மேலயும் தப்பில்ல பாட்டி. ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு பழுதான ஜீன் இருந்திருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பிள்ளைக்கு ரெண்டும் வந்துடுச்சு."

ஆஸ்பிரின் கூடாது, புரூஃபன் கூடாது, பல் பிடுங்குமுன் சொல்ல வேண்டும், மூக்கில் வந்தால் டிரனெக்சமிக் மாத்திரை. தேவையில்லாமல் தட்டணு ஏற்றினால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிடும். தாய் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள்.

"வயசுக்கு வந்தா என்ன பண்றது டாக்டரம்மா?"

கேட்டது பாட்டி. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறார். "அதுக்கு முன்னாடியே மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டி வச்சுக்கலாம். ரத்தத்தைக் கட்டுப்படுத்த ஹார்மோன் மாத்திரை இருக்கு. முதல் நாளே இங்க கூட்டிட்டு வாங்க, ராத்திரின்னாலும் பரவாயில்ல. இவ தங்கச்சியை இப்பவே கூட்டிட்டு வாங்க, அவளுக்கும் எடுத்துப் பாத்துடலாம்."