பாலாடைச் சங்கு

சித்தூரில் பிறந்த அக்குழந்தையின் மேலுதடு பிளந்திருந்தது. கிரகணத்தன்று தாய் காய் நறுக்கியதே காரணம் என்றார் பாட்டி. கருவின் உதடு 4 முதல் 7 வாரங்களுக்குள் கூடுவது. அது கூடாமற்போனதற்கு அரிவாள்மனை என்ன செய்யும்?

குழந்தை பால் உறிஞ்சினால் பிளவின் வழியே காற்றுத்தான் புகுந்தது. வழி கண்டவரும் பாட்டியே. பெட்டியிலிருந்த வெள்ளிப் பாலாடைச் சங்கை எடுத்தார். பேரனை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைத் துளித்துளியாகப் புகட்டினார். புரையேறாமல் முதுகைத் தட்டினார்.

வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, ஹீமோகுளோபின் 10 கிராம். அறுவைக்கு மருத்துவர் பார்க்கும் பழைய கணக்கு இது. எடை நாலரைக் கிலோவைத் தொட்டதும், பாகாலா வழியாக ரயிலேறித் திருப்பதி சென்றனர்.

தையல் ஆறியது. உதடு கூடிச் சிரித்தான் மகன். தாயோ, அகன்று விரிந்த அந்தப் பழைய சிரிப்பைச் சில நாள் தேடிக்கொண்டிருந்தாள்.