தாய் மரங்களின் கணக்கு

கடலூர் மாவட்டக் கடலோரத்தில் அலையாத்தி நடுகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை கன்று? பத்தாயிரம் என்றால் முகம் மலரும். இரண்டாயிரம் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எத்தனை மரத்திலிருந்து எடுத்த காய் என்று கேட்பவர் அபூர்வம். பிச்சாவரத்தை ஒட்டிய நாற்றங்கால் வேலையிலேயே காலம் தள்ளிவிட்ட எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது.

பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரமாக வளைந்த வேர்களை ஊன்றி நிற்பவை சுரபுன்னை. 'இதயக்கனி' படத்தில் பார்த்தது, இன்று படகில் வருகிறவர்கள் படம் எடுப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த ஓரத்து வரிசைதான். அதைத் தாண்டி உள்ளே போனால் காடு வெண்கண்டலுடையது. இது தற்செயல் இல்லை. சுரபுன்னை உப்பை வேரிலேயே பெருமளவு வடிகட்டிவிடும். வெண்கண்டல் உள்ளே வரும் உப்பை இலை வழியே வெளியே தள்ளும். வெயில் நாளில் அதன் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். தண்ணீர் தேங்கி உப்பு ஏறும் உள்பகுதியைத் தாங்குவது பெரும்பாலும் வெண்கண்டல்தான். எது எங்கே நிற்கலாம் என்பதை இங்கே உப்பும் ஓதமும் தீர்மானிக்கின்றன.

சுரபுன்னை மரத்திலேயே முளைத்துவிடும். கீழே தொங்கும் பச்சைக் குச்சியைக் காய் என்கிறோமே தவிர, அது ஏற்கெனவே ஒரு கன்று. முதிர்ந்ததா என்று பார்க்க, மேலே இருக்கும் பழுப்புக் குமிழுக்கும் கீழே உள்ள பச்சைத் தண்டுக்கும் நடுவே ஒரு வளையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீளக்காய்ச் சுரபுன்னையில், அதாவது ரைசோபோரா மியூக்ரோனேட்டாவில், வளையம் மஞ்சளாக இருக்கும். குட்டைக்காய் அபிகுலேட்டாவில் சிவந்திருக்கும். வளையம் வந்த காய் லேசாகத் திருகினால் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிட வேண்டும். எடுத்ததையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு குடைந்திருக்கிறது என்று பொருள்.

காய் பொறுக்கப் போகும்போது படகுக்காரரிடம் தவறாமல் ஒரு வாக்குவாதம் வரும்.

"சார், இந்த ஒரு மரத்துலயே ரெண்டு சாக்கு ரொம்பிடும். எதுக்கு இன்னும் உள்ள போவணும்?"

"இல்லண்ணே, இதுல பத்து காய் போதும். அடுத்த வாய்க்காலுக்கு விடுங்க."

"காய் எல்லாம் ஒண்ணுதானே சார்?"

ஒன்று இல்லை என்பதுதான் மரபியல் சொல்லும் சேதி. ஒரே மரத்துக் காய்கள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். தகப்பன் காற்றில் மகரந்தம் வந்த அண்டை மரமாக இருக்கலாம், அந்தத் தாய் மரமேயாகவும் இருக்கலாம். அந்த இரண்டு சாக்கை ஒரு திட்டு முழுக்க நட்டால், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஆயிரம் மரக் காடு. மரபணுக் கணக்கில் அது ஒரே குடும்பம். நாளைக்கு அந்தத் திட்டில் அவை தங்களுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். அண்ணன் தங்கைக்குள் கல்யாணம் நடந்தது போலத்தான்.

இதற்குக் கணக்கும் உண்டு. பெற்றோர் எண்ணிக்கை N என்றால், ஒரு தலைமுறையில் இழக்கும் மரபணுப் பன்மை 2N-ல் ஒரு பங்கு. பெற்றோர் 10 மரம் என்றால் 20-ல் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம். 1000 மரம் என்றால் 2000-ல் ஒரு பங்கு. கண்ணில் படாத இழப்பு. இந்த இழப்பில் நல்லது கெட்டது என்ற தேர்வே கிடையாது. எந்த மரத்தின் காய் சாக்கில் விழுந்தது என்ற அதிர்ஷ்டம் மட்டுமே. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வோடு இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்த்தவர்களில் முதன்மையானவர் சூவால் ரைட். அவரோடும் ரொனால்ட் ஃபிஷரோடும் சேர்த்து இந்த மரபணுக் கணக்குத் துறையை நிறுவிய மூவரில் ஒருவராகச் சொல்லப்படும் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். அவர்கள் போட்ட கணக்கு நம் கல்லூரிகளில் தேர்வுக்கு வருகிறது, நாற்றங்காலுக்கு வருவதில்லை.

தில்லையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த மரம் இன்று ஊருக்குள் காடாக இல்லை, பிச்சாவரத்தில்தான் பார்க்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் எரிச்சலில் துடித்துவிடுவோம் என்பதால் காட்டுக்குள் போகிறவர்கள் அதை ஒதுங்கியே கடப்பார்கள். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 100 தில்லை நிற்கிறது, அதில் 90 பெண், 10 ஆண் என்று வையுங்கள். ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும் என்கிறது சூத்திரம். விடை 36. நூறு மரம் நின்றாலும் மரபணுக் கணக்கில் அது 36 மரத்துக்குச் சமம். கன்றில் ஆண் பெண் தெரியாது, பூத்தால்தான் தெரியும். அதனால் பத்துக் கன்று நட்டுவிட்டுத் தில்லை வனத்தை மீட்டோம் என்று பலகை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிச்சாவரம் பாடப்புத்தகத்துக்குத் தந்த பெரிய கொடை வேறு ஒன்று. அபிகுலேட்டாவும் மியூக்ரோனேட்டாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடங்களில் மூன்றாவதாக ஒரு மரம் உண்டு. ஓங்கி வளரும், பூ கொட்டும், காய் மட்டும் மிக அரிது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன் 1995-ல் அதற்குப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்தார்: ரைசோபோரா அண்ணாமலயானா. இரண்டு சுரபுன்னைகளின் கலப்புதான் அது என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் உறுதிசெய்தன.

இரண்டு இனங்களுக்கு நடுவே வேலி எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்டால் அந்த மரத்தடியில்தான் நிறுத்துவேன். வேலி இங்கே மகரந்தத்தைத் தடுக்கவில்லை, பிள்ளை பிறப்பதையும் தடுக்கவில்லை. பேரப்பிள்ளை வரும் இடத்தில்தான் அநேகமாக நிற்கிறது. அந்த மரத்தில் காய் பொறுக்க முடியாது என்பதால் எங்கள் சாக்கில் அதற்கு இடம் இல்லை. ஆனால் இரு பெற்றோரில் எதன் காயிலிருந்தும் அது மறுபடி முளைக்கலாம். நாற்றங்காலில் இலையோ உயரமோ கொஞ்சம் மாறி நிற்கும் கன்றைக் 'கலப்படம்' என்று பிடுங்கி எறிய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பூக்கும் வரை அது என்ன என்று தீர்த்துச் சொல்ல முடியாது.

தேர்வு நாற்றங்காலிலும் நடக்கிறது; நடத்துகிறவர் நாம். நீளமான, நேரான காயை மட்டும் எடுக்கச் சொல்வார்கள். பெரிய காய்க்குத் தொடக்கத்தில் தெம்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் நீளக் காய் அடிக்கடி அதே சில மரங்களிலிருந்துதான் வரும். அழகு பார்க்கப் போய்த் தாய்களைச் சுருக்கிவிடுகிறோம். பை நாற்றுக்கு நல்ல தண்ணீரே ஊற்றி வளர்ப்பது இன்னொன்று. அங்கே எல்லாக் கன்றும் பிழைக்கும், ஆய்வுக்கு வருகிறவர் பாராட்டுவார். வயலில் கோடை உப்பைப் பார்த்ததும் பாதி சாயும். நாற்றங்கால் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் இருக்க வேண்டும். உப்பு தாங்காதது அங்கேயே போகட்டும்.

காய் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை பிச்சாவரத்தைக் கூறுபோட்டு மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, ஏறிய ஓதம் இறங்க வழியின்றித் தேங்கி, உப்புப் பாத்தியாயிற்று. அங்கே எந்தக் காய் விழுந்தும் பயன் இல்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் போல வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டபிறகுதான் பச்சை திரும்பியது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் கன்று.

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரம் எங்கும் நடவு ஆர்வம் கூடியது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்து போனபின் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு ஒட்டுக்கன்று தேடினார்கள். அங்கே ஒட்டுக்கன்று சரி. தோப்புக்காரருக்கு எல்லா மரமும் தாயைப் போலவே காய்க்க வேண்டும். கடலுக்கு எதிரே நிற்கும் காட்டுக்கு அது ஆகாது. அடுத்த புயலையும் ஏறப்போகும் கடல்மட்டத்தையும் எந்த மரம் தாங்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கைவசம் எல்லா வகையும் இருக்க வேண்டும்.

நடவுக்குப் பணம் தரும் நிறுவனங்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்றுக் கணக்கோடு ஒரு தாய் மரப் பதிவேடும் கேளுங்கள். எந்த வாய்க்கால், எத்தனை மரம், ஒரு மரத்துக்கு எத்தனை காய், எந்தத் தேதி. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அது இல்லாத நாற்றங்காலில் கன்று வாங்காதீர்கள்.