பழைய கார்டு



மகள் வயிற்றுப் பேரன் டிசைன் படிக்கிறான். "அப்புச்சி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி. செகண்ட்ஸ்ல 15,000 ரூபாய்தான்" என்றான். லீவில் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பார்த்துச் சேர்த்த காசு. அதனால்தான் எனக்கு யோசனை.

விசாரித்தேன். கார்டுகளை ராப்பகலாக ஓட்டி எத்தீரியம் கிரிப்டோ எடுத்து வந்தார்களாம். 2022 செப்டம்பரில் அந்த முறையே நின்றது. ஓடிக் களைத்த கார்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. சிப் சட்டென்று போகாதாம். ஃபேன் தேயும், தெர்மல் பேஸ்ட் காயும், சூடு ஏறும்.

நம்மூரில் பழைய நிட்டிங் மெஷினை ஓட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? "ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லு கண்ணு" என்றேன். விற்பவர், "அதெல்லாம் முடியாதுங்க" என்றார். திரும்பிவிட்டோம். பேரன் வழியெல்லாம் பேசவில்லை.

நேற்று ஒரு கடையில் ரீபர்பிஷ்டு கார்டு பார்த்தோம். 3,000 ரூபாய் கூடுதல். ஆனால் பில், ஆறு மாத வாரண்டி உண்டு. கேட்குமுன்பே ஓட்டிக் காட்டினார்கள். வாங்கிவிட்டோம். கூடுதல் பணம் என்னுடையது. கடன்தானாம், அடுத்த லீவில் அடைத்துவிடுவானாம். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறான்.