குட்டி யானையும் கணினிப் பெட்டியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அயனம்பாக்கத்தில், பட்டறைப் பாகங்களையும் கடைச் சரக்கையும் சுமந்து செல்லும் சிறு லோடு வண்டிகளை நம்பிப் பிழைப்பவர் பலர். 2005இல் டாடா நிறுவனம் வெளியிட்டு, மக்கள் ‘குட்டி யானை’ எனப் பெயரிட்டுக்கொண்ட ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த், மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஆகியவை இவ்வகையின. உரிமையாளரே ஓட்டுநராகவும் இருப்பதால், வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வாடகையும் நின்றுவிடுகிறது.

இவ்வண்டிகளில் கைவேலை புதிதன்று. பின் அச்சின்மேல் அடுக்கப்பட்ட எஃகுத் தகடுகளாகிய ‘பட்டை’யில் ஒன்றைக் கூட்டுவதும், தொட்டியின் ஓரங்களைக் கம்பி வைத்து உயர்த்துவதும் பற்றவைப்பவரும் பட்டறைக்காரரும் கண்ணளவிலேயே செய்துமுடிக்கும் வேலைகள். ஆனால் பட்டை கூடினால் வண்டி குறைவாக அமுங்கும் என்பது மட்டுமே உண்மை. பிரேக்கின் வலுவும் டயரின் தாங்குதிறனும் அதனால் கூடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது.

2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் சிக்கல் வேறிடத்துக்கு நகர்ந்தது. எரிபொருளை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை முடிவுசெய்யும் ‘இசியு’ என்ற கணினிப் பெட்டியே இப்போது என்ஜினை ஆள்கிறது. பல டீசல் வண்டிகளின் புகைவழியில் ‘டிபிஎஃப்’ எனும் கரித்துகள் வடிகட்டி உள்ளது. அது பிடித்துவைத்த கரியை, புகை போதிய அளவு சூடேறும்போது எரித்துத் தன்னைத் துப்புரவாக்கிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் தடையின்றி நிகழும் இச்செயல், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டியில் பாதியிலேயே அறுந்துபோவதால், வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவையும் குறைகிறது. விளக்கு சுட்டும் பழுதின் எண்ணை மலிவான ஸ்கேனரே படித்துவிடும். ஆனால் வடிகட்டியைக் கட்டளையிட்டு எரியவைக்கவும், இசியுவில் புதிய மென்பொருளை ஏற்றவும் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸுக்கே போகவேண்டியுள்ளது. புதுப்பிப்புக்குப் பின் மைலேஜ் குறைந்தது என்று உரிமையாளர் முறையிடுவதும், அப்படியொன்றும் இல்லை என்று சர்வீஸ் மேற்பார்வையாளர் மறுப்பதும் வாடிக்கை. எது மாறியது என்பதை எழுத்தில் காட்டாதவரை இப்பிணக்கு தீராது. சலிப்புற்றோரில் சிலர் வடிகட்டியையே அறுத்தெறிந்து, இசியுவை ஏமாற்றும் ‘ரீமேப்’பை நாடுகின்றனர்; அது சட்டமீறல் என்பதோடு, அதனால் வெளிவரும் கரும்புகையை முதலில் மூச்சிழுப்பவர் அதே தெருவில் வாழ்வோர்தாம்.

கம்பெனி சர்வீஸையே நம்பவைக்கும் இப்போக்கு கேள்விக்குள்ளாகாமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாயிலிலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் தெருவோரப் பட்டறைக்குத் தேவை இணையவாயில் அன்று. நியாயமான விலையில் கருவியும், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மாறியதைத் தமிழில் எழுதிய ஒரு தாளுமே. சிறு லோடு வண்டித் தயாரிப்பாளர்களுக்கு அரசு இவ்விரண்டையும் கட்டாயமாக்க வேண்டும்.