விடியற்காலைப் பரீட்சை

பம்பாய்வாசிகளுக்குக் குளிர் என்பது பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டறிந்த விஷயம். 1962-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி சாந்தாகுரூஸில் பாதரசம் 7.4 டிகிரிக்கு இறங்கிற்று என்பதை இன்றும் ஓர் அதிசயமாகச் சொல்லிக்கொள்ளும் நகரம் இது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மோட்டார் வண்டி குளிர்ந்துபோனதால் கிளம்ப மறுக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருவது இயற்கையே. ஆனால் யந்திரத்தின் கணக்கு வேறு. எண்பத்தைந்து, தொண்ணூறு டிகிரி உஷ்ணத்தில் உழைப்பதற்கென்று செய்யப்பட்ட எஞ்சினுக்கு, இரவெல்லாம் நின்று இருபத்துநான்கு டிகிரிக்கு ஆறிப்போன நிலையே போதிய குளிர்தான். உதகமண்டலத்தில் அது இன்னும் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை பற்றாது. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே பொறி பட்டு எரியும். சூடேறாத எஞ்சினிலோ, உள்ளே செல்லும் வழியிலுள்ள சுவர்களிலேயே அதில் பெரும்பகுதி ஈரமாய்ப் படிந்துவிடுமாதலால், முதல் சில விநாடிகளுக்கு மட்டும் வழக்கத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெட்ரோலைக் கொடுத்தாக வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பொறுப்பு ஓட்டுகிறவருடையது. சோக் குமிழை எவ்வளவு இழுப்பது, எப்போது திரும்ப விடுவது என்பதை அவரவர் அனுபவம் தீர்மானித்தது. 1967-இல் ஜெர்மனியின் போஷ் கம்பெனி வோக்ஸ்வாகன் கார்களில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது முதல் அந்தப் பொறுப்பு படிப்படியாக மனிதன் கையைவிட்டுப் போய், இன்று ஈசிஎம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறு பெட்டியின் வசம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கோ கண்ணும் இல்லை, தோலும் இல்லை. கம்பிகளின் வழியே வரும் செய்தி எதுவோ அதுவே அதற்கு உலகம்.

தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவனாக வந்து இங்கேயே தலை நரைத்துவிட்ட ஒருவருடைய கராஜில், அந்தச் செய்தி எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்கும் வித்தையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தமிழ்ப் பையன்களுக்கு அவர் அண்ணாச்சி. உத்தரப் பிரதேசத்துப் பையன்களுக்கு உஸ்தாத். எஞ்சின் மாற்றிய வண்டிகளின் கோளாறுகளுக்கென்றே அவரைத் தேடி வருகிறார்கள். 2000-ஐ ஒட்டி மாருதி வண்டிகள் கார்புரேட்டரைக் கைவிட்டபோது, அதையே நம்பிப் பிழைத்த மெக்கானிக்குகள் பலர் திகைத்துப்போனார்களாம். இவரோ மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில், விஜேடிஐ பொறியியல் கல்லூரி மாணவர்களுக்காகப் பழைய பாடப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கும் கடைகளில் அலைந்து, ஒரு சர்வீஸ் புத்தகத்தின் நகலைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதன் மின்சுற்றுப் படங்கள் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், எண்ணெய்க் கறையோடு, சுவரில் தொங்குகின்றன. மற்றப் பக்கங்கள் எங்கே என்றேன். "படம் இருந்தாப் போதும் சார். இங்கிலீசு படிக்கத்தான் கஷ்டம், கம்பி எங்க போவுதுன்னு பாக்கதுக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

நான் போனபோது அங்கே நின்றது ஒரு பிரிமியர் பத்மினி. அந்த வண்டியைப் பற்றிப் பம்பாயில் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வந்து, 1974-இல் பத்மினியாகி, இதே நகரின் குர்லா தொழிற்சாலையில் பிறந்து, கறுப்பும் மஞ்சளுமாகத் தெருக்களை நிறைத்தது. 2003 அக்டோபர் 29-இல் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸி, இருபது வருஷ வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபர் முடிவில் விடைபெற்றது. இங்கே நின்றதோ செம்பூர்க்காரர் ஒருவரின் சொந்த வண்டி. அதன் 1089 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு, மாருதி ஜிப்ஸியின் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் 1298 சிசி எம்பிஎஃப்ஐ எஞ்சினை வேறொரு கராஜில் பொருத்தியிருந்தார்கள். ஜிப்ஸி எஞ்சின் நெடுக்குவாட்டில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டக்கூடியதாகையால் பத்மினிக்கு அது தோது. இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பகலெல்லாம் வண்டி பட்டுப்போல் ஓடிற்று. விடிந்ததும் மட்டும் செல்ஃப் அடித்து அடித்து பாட்டரி ஓயும் தறுவாயில்தான் மனமிரங்கிற்று.

இந்தக் கோளாற்றின் விசேஷமே, அது தினம் ஒரு தரம்தான் முகம் காட்டும் என்பது. ஒருமுறை எஞ்சின் பற்றிக்கொண்டு சிறிது நேரம் ஓடிவிட்டால் அன்றைய சாட்சியம் கலைந்துபோகும். மறுபடியும் அதைக் காண ஓர் இரவு காத்திருக்க வேண்டும். "காலைல ஒரு தடவதான் வண்டி உண்மையச் சொல்லும் சார். அத வீணாக்கிட்டா நாளைக்குத்தான் கேக்கணும்" என்று அண்ணாச்சி சொன்னார். ஆகையால் அவருடைய வேலையில் பாதி, அந்த ஒரு தடவையைக் காப்பாற்றுவதிலேயே கழிகிறது. முந்தின மாலையே பெட்ரோல் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பிளக்கில் சோதனை விளக்கைச் செருகி, மல்டிமீட்டரின் வயர்களை இழுத்துக் கட்டிவிட்டு, சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரவில் தண்ணீர் டாங்கர் சந்துக்குள் நுழைய வழி கேட்டபோது, ஒரு பையன் வண்டியைக் கிளப்பி ஒதுக்கலாம் என்று சாவிக்காகக் கையை நீட்டினான். "ஏலே, தள்ளுங்கலே!" என்ற அதட்டலில் நாலு பேர் சேர்ந்து அதைத் தள்ளியே ஒதுக்கி, டாங்கர் போனபின் தள்ளியே பழைய இடத்தில் நிறுத்தினார்கள்.

விடியற்காலையில், சாவியைத் தொடுமுன், ஒரு சாதாரண உஷ்ணமானியால் எஞ்சினின் உஷ்ணத்தைப் பார்த்தார்: இருபத்துநான்கு டிகிரி. அடுத்து, தண்ணீரின் உஷ்ணத்தை ஈசிஎம்முக்குச் சொல்லும் சென்சரின் மின்தடையை அளந்தார். குளிரக் குளிரத் தடை ஏறுவதும், சூடேறச் சூடேற இறங்குவதும் அதன் சுபாவம்; இருபது டிகிரியில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஓம், எண்பது டிகிரியில் முந்நூறு ஓம் சொச்சம். மீட்டர் இரண்டு கிலோ ஓமுக்குச் சற்று மேலே காட்டிற்று; சரியான கணக்கு. வேறொருவராக இருந்தால் அங்கேயே திருப்தியடைந்திருப்பார். அண்ணாச்சி டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, அதே கம்பிகள் போய்ச் சேரும் ஈசிஎம் பிளக்கில் இரண்டாம் முறை அளந்தார். அங்கே மூன்று கிலோ ஓமுக்கு மேல் காட்டிற்று.

கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டே போனதில், கறுப்பு டேப்புக்குள் ஒளிந்திருந்தது ஓர் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர். இதற்கு முன் வண்டியைப் பார்த்த எவரோ, காரணத்தைத் தேடும் சிரமமின்றி, எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக ஈசிஎம்மை நம்பவைத்தால் அது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் என்று தந்திரம் செய்திருக்கிறார். இதனால் இருபத்துநான்கு டிகிரி விடியலிலும் அந்தப் பெட்டி எஞ்சின் பதினான்கு, பதினைந்து டிகிரியில் இருப்பதாகவே எண்ணிற்று. எஞ்சின் முழுதும் சூடேறிய பிறகும் நாற்பது டிகிரிக்கு மேல் அதன் நினைப்பு போகவில்லை. ஸ்பார்க் பிளக்குகள் கரி பூசியிருந்ததற்கும், பெட்ரோல் செலவைப் பற்றி உடையவர் ஓயாமல் புலம்பியதற்கும் காரணம் புலப்பட்டது. எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். கம்பி அறுந்துபோனாலோ ஒன்றோடொன்று பட்டுவிட்டாலோதான் விளக்கு எரியுமாம். பதினான்கு டிகிரி என்பது உலகத்தில் இல்லாத உஷ்ணமில்லையே! பொய், நம்பத்தகுந்த அளவோடு நின்றுவிட்டால், யந்திரமும் அதைச் சந்தேகிப்பதில்லை.

ரெசிஸ்டரை நீக்கினால் வண்டி இன்னும் மோசமாகக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே நீக்கினார். அதன் பிறகே சாவி சட்டைப் பையிலிருந்து வெளிவந்தது. செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் திருப்பியபோது, பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகிற்று. பூஜ்யத்திலிருந்த அழுத்தமானி முள் ஒன்றரைப் பார் வரை தயங்கி ஏறி நின்றது. இரண்டரைக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். பத்மினியின் பழைய பம்ப்புக்கு இதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தமே போதுமானதாக இருந்தது. அதன் டாங்கில் ஜிப்ஸியின் பம்ப்பை இறக்க வழியில்லாததால், வெளியே அடிப்பாகத்தில் வேறொன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு வேலை செய்யாததால், இரவில் குழாயிலிருந்த பெட்ரோல் முழுவதும் டாங்குக்கே திரும்பிவிட்டது. அப்புறம் செல்ஃப் அடித்தார். சோதனை விளக்கு மினுக்கிற்று, ஆனால் வெகு நேரம் கழித்தே எஞ்சின் பற்றிற்று. அன்றைய சாட்சியம் அதோடு முடிந்தது.

எஞ்சின் சூடாக இருந்தாலும் செய்யக்கூடிய பரீட்சைகளைப் பகலுக்கு ஒதுக்கியிருந்தார். அவற்றில் ஒன்றில்தான் மூலகாரணம் அகப்பட்டது. செல்ஃப் சுழலும்போது அந்த மின்சாரத்தின் ஒரு கிளை ஈசிஎம்முக்கும் போக வேண்டும். இப்போது கிளப்புகிறார்கள், கூடுதல் பெட்ரோல் கொடு என்று சொல்லும் செய்திகளில் அதுவும் ஒன்று. பத்மினியின் பழைய சாவிப் பூட்டையே வைத்து வயரிங் செய்தவர், செல்ஃபுக்குப் போகும் கம்பியைப் போட்டாரே தவிர, இந்தக் கிளையைப் போடவில்லை. சூடான எஞ்சினுக்கு அந்தச் செய்தி வராவிட்டாலும் பாதகமில்லை. ஆறிய எஞ்சினுக்கு அதுவே பிராணன்.

பிற்பகலில் வால்வு வாங்க அவரோடு குர்லாவின் சிஎஸ்டி ரோட்டுக்குப் போனேன். உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவுகளும் விளக்குகளும் எஞ்சின்களும் கடைகடையாகக் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தையில், கம்பிச் சுருள்களைப் பிளக்குகளோடு கூட்டி விற்கிறார்கள் சிலர். கத்தரித்து எறிந்துவிட்டு வெறும் எஞ்சினை விற்கிறார்கள் பலர். எஞ்சின் மாற்றத்தின் வியாதிகளில் பாதி அந்தக் கத்தரியில் பிறப்பதாக அண்ணாச்சியின் அபிப்பிராயம். எனக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு சிறு தர்க்கம் மூண்டது. வால்வையும் அந்தக் கிளைக் கம்பியையும் ஒன்றாகவே போட்டுவிட்டால் மறுநாளே வண்டியைக் கொடுத்துவிடலாமே என்று மூத்த பையன் சொன்னான். "ரெண்டையும் சேத்துப் போட்டா எதுனால சரியாச்சுன்னு நீ எப்பிடிலே சொல்லுவ?" என்று மறுத்துவிட்டார். வாடிக்கைக்காரர் காத்திருக்க, ஒரு கம்பிக்காக இன்னோர் இரவைச் செலவிடுவது ஆடம்பரம் என்றே எனக்குப் பட்டது, சொல்லவும் செய்தேன். அதற்கு அவர், இதே வண்டி ஆறு மாதத்தில் மறுபடியும் வந்தால் பார்ப்பவர் தாமாகத்தானே இருக்க வேண்டும் என்றார். வால்வை மட்டும் மாட்டிய விடியலில் முள் சட்டென்று ஏறிற்று. ஆயினும் செல்ஃப் நாலைந்து விநாடி அடிக்க வேண்டியிருந்தது. கம்பியையும் இணைத்ததற்கு மறுநாள், சாவியைத் திருப்பிய கை அதை விடுவதற்குள்ளாகவே எஞ்சின் பற்றிக்கொண்டது. பையன்களில் ஒருவர்கூட ஆரவாரம் செய்யவில்லை. அடுத்து நின்ற ஆம்னியின் பானட்டைத் திறக்கப் போய்விட்டார்கள்.

செம்பூர்க்காரர் வந்து கிளப்பிப் பார்த்துப் பூரித்துப்போனவராய், ஸ்கேனர் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமே என்று கேட்டார். "ஸ்கேனரும் பதினாலு டிகிரின்னுதான் சொல்லியிருக்கும் ஐயா. பக்கத்துல தர்மாமீட்டர் வச்சிருக்கவனுக்குத்தான் அது பொய்யின்னு தெரியும்" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு, அவருக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வந்தார் அண்ணாச்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி மாற்றிய எஞ்சினை ஆர்சி புத்தகத்தில் பதிவு செய்தாக வேண்டும். இதுவரை அது நடக்கவில்லை. வடாலா ஆர்டிஓவில் அலைய வேண்டுமே என்று செம்பூர்க்காரர் முகம் சுளித்தார். அலையத்தான் வேண்டும் என்றார் இவர். அன்றியும் மழைக்காலத்துக்கு முன்னால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த்துப் பட்டையை மாற்றியாக வேண்டுமென்றும், இப்போதிருப்பது துருவேறிவிட்டதென்றும் சொல்லி, மே மாதத்தில் ஒரு ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.