கொள்ளிடக் கரையில் இரண்டு பாலங்கள்

திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்து, கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டப்பட்டது பழைய இரும்புப் பாலம். 2016-இல் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டதும், பழையதில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. 2018 ஆகஸ்டில் மேட்டூர் உபரிநீர் பெருகி வந்தபோது அதன் தூண்கள் சாய்ந்தன. ஒரு பகுதி ஆற்றோடு போனது.

தூணில் மோதும் வெள்ளம் சுழன்று அடிமணலைப் பறிக்கும். மணல் குறைந்த ஆற்றில் அரிப்பு அஸ்திவாரம் வரை இறங்கும். புதுப் பாலம் வரும் ஊர்களில் கரையோரத்தார் கவலைப்படுவது இதனால்தான். அவர்கள் பாலம் வேண்டாம் என்பதில்லை. வேலைக்காக ஆற்றுக்குள் போடும் மண்பாதையை வெள்ளத்துக்கு முன் அகற்றுவார்களா? அணுகுசாலைக்குக் கொட்டும் மண் வடிகாலை அடைக்காதா? இவையே அவர்கள் கேள்விகள்.

வடிகால் அடைபட்டால் நீர் வயலில் தேங்கும். சில நாளிலேயே வாழையின் வேர் அழுகத் தொடங்கும். சாலைக்கு அடியில் வைக்கும் குழாய், வாய்க்காலின் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும்; மேலே இருந்தால் பயனில்லை. மண் கொட்டும் முன்பே, சர்வே எண்ணும் புலப்படமும் இணைத்து, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுப்பது நல்லது. சாலை போட்டபின் குழாயை இறக்குவது எளிதல்ல.