ஐப்பசி வரட்டும் என்றிருந்தார்

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை, வைகாசி என்றால் வெயிலும் உச்சம், வாருகிற உப்பும் உச்சம். அந்த இரண்டு மாதக் கூலியை விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுப்பு எரிவது கஷ்டம். அதனால்தான், தீட்டு நின்று ஆறு வருஷம் ஆன பிறகு ஒருநாள் புடவையில் ரத்தக்கறை பட்டபோது, ஐம்பத்து மூன்று வயதான அந்தப் பெண்மணி யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆரம்பித்தபோதும் அதே வெந்தயம்தான். மழை வந்து பாத்திகள் மூழ்கியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

சுகருக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளரிடம் மகள்தான் உளறிவிட்டாள். "அக்கா, மாதவிடாய் நின்ன அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகணும்" என்று அவர் பிடித்த பிடியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே செவிலியர் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. கர்ப்பப்பை வாயில் கண்ணுக்குத் தெரிகிற கட்டி. அங்கிருந்து புதுச்சேரியின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதைப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் முடிந்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், பக்கத்துத் திசுவுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டரம்மா. எடுத்தா தீந்துடும்ல?"

நம் ஊரில் பாதிப் பேர் கேட்கிற கேள்விதான் இது. கட்டி சிறிதாக, கர்ப்பப்பை வாயைத் தாண்டாமல் இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். சுற்றிலும் பரவிய பிறகு கத்தி வைப்பதில் பலன் குறைவு. கதிர்வீச்சும் கீமோதெரபியும் சேர்ந்துதான் அங்கே முதல் சிகிச்சை. ரத்தப்போக்குக்குக் காரணம் தேடாமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்து தவிப்பவர்களும் உண்டு. அறுவைக்கு முன் சோதனை செய்தீர்களா என்று கேட்க எந்தப் பெண்ணும் தயங்கக் கூடாது.

'கரண்ட் வைப்பது' என்று எல்லோரும் சொல்கிற வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. அதன் பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நடுவில் நாள் விட்டால் பலன் குறையும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். எட்டு வாரம் என்றால் பருவத்தில் மிச்சமிருந்த நல்ல நாள் அத்தனையும்! அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ரத்தசோகை இருந்ததால் முதலில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மருமகனும் கூட உப்பு வாரும் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற, மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் இறங்கியது. "முப்பது வருஷம் உப்புத் தண்ணியில நின்னது பத்தலைன்னு உள்ளயும் ஏத்துறாங்க பாரு" என்று அவர் சொன்னதற்கு வார்டே சிரித்தது.

கதிர்வீச்சுக்கு முன் தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். பை நிறைந்திருந்தால் குடல் விலகி நிற்கும், அதற்குச் சேதம் குறையும். அடக்குவது அவருக்குக் கைவந்த கலை. ஒதுங்க இடமில்லாத உப்பளத்தில் காலையிலிருந்து அடக்கித்தானே பழக்கம்! குடிப்பதுதான் வரவில்லை. தாகத்தை மறக்கப் பழகிய தொண்டைக்கு அரை லிட்டர் தண்ணீர் மருந்தைவிடக் கசந்தது.

மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு, நான்காவது வாரம் எழுந்திருக்க முடியாத அசதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாமல், ஆஸ்பத்திரி பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். ஒருநாள் "போதும், விட்டுடலாம்" என்று அழுதார். மகள் பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒரு நாளும் தவறவில்லை.

முடிந்து அனுப்பும்போது செவிலியர் தனியாகக் கூப்பிட்டு, பிறப்புறுப்பு சுருங்காமலிருக்க ஒரு கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். தாம்பத்தியத்துக்காக மட்டுமில்லை, பின்னால் பரிசோதனை செய்வதற்கும் அது வேண்டும். இதைப் பல பெண்கள் வெட்கத்தில் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு, புற்றுநோய்க்கும் சேர்த்து. ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையம், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இரண்டும் இந்தக் கடற்கரைக்கு எட்டுகிற தூரம்தான். கைவிட்டுப் போவது கூலிதான். அதற்கு எந்த அட்டையும் இல்லை.

அறிகுறி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பது; சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்து 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது. பெண் குழந்தைகளுக்கு 9 வயதிலிருந்து ஹெச்.பி.வி. தடுப்பூசியும் போடலாம்.

தை பிறந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கியதும் அவர் உப்பளத்துக்குத் திரும்பினார். கூடை தூக்கவில்லை, பலகை வேலை மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். போன முறை எல்லாம் சரியாக இருந்தது.

கூடவே வேலை செய்யும் நாத்தனார், "வலிக்குமாண்ணி?" என்று கேட்டார்.

"காடி மாதிரி ஒண்ணைத் தடவுவாங்க. லேசா எரியும். அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை நாலு பேருக்கு அரை நாள் வேண்டும் என்று அவர் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். கூலி பிடிப்பேன் என்கிறார் மேஸ்திரி. பேச்சு இன்னும் முடியவில்லை.